அண்ணி கொண்டுவந்த மறுநாள் வருடப்பிறப்பு

பிள்ளையாரைக் கும்பிட்டு, எங்கள் அண்ணி காலமாகி ஓராண்டு நிறையும் ஆட்டைத் திவச நாளில், இந்த நினைவு மலருக்காக இதை எழுதுகிறேன். நான் அவருடைய கணவரின் தம்பி. படிப்புக் குறைந்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி பிறந்தது அசாமில், பிரம்மபுத்திரா ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில். வெள்ளம் வயலைக் கொண்டுபோன பிறகு, ஓர் இந்தியக் குடும்பத்தின் குழந்தையைப் பார்க்க ரோமுக்கு வந்தார். பிறகு பலேர்மோ. அங்கே லிபெர்த்தா தெருவில் வயதான சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மா ஒருவரைப் பராமரித்தார். அதே கட்டடத்தில் படி துடைத்தவர் எங்கள் அண்ணா. இருவரும் இத்தாலிய மொழியில்தான் கதைத்துக்கொண்டார்கள். கல்யாணம் கோயிலில் நடந்தது.

அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்தது அதன் பின்புதான். அண்ணியின் கையால் அம்மா ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. "ஊர் பேர் தெரியாதவள்" என்பதே பேச்சு. இதை மலரில் எழுதலாமா என்று அம்மாவிடமே கேட்டேன். "எழுது. நடந்தது தானே. ஒளிச்சு என்ன செய்யிறது?" என்றார்.

அவர்கள் வந்த முதல் சித்திரை. அப்பாவுக்கு இருதய ஒப்பரேசன் குறித்திருந்த வாரம். ஒரேத்தோ தெருவில் எங்கள் வீட்டில் மூலிகை மருத்துநீர் வைத்துக் குளித்து, பொங்கி, பெரியவர்களிடம் கைவிசேடக் காசு வாங்கினோம். அப்போது அண்ணி ஒன்று சொன்னார். எங்களுக்கு வருடம் பிறக்கும் அன்று அவர்கள் ஊரில் மாடுகளுக்குத் திருநாளாம். உழுந்தும் மஞ்சளும் அரைத்துப் பூசி, மாடுகளை ஆற்றில் குளிப்பாட்டுவார்களாம். மனிதருக்கு மறுநாள்தான். பிஹு என்று பெயர். நான் இதைத் தமிழில் சொன்னதும் அப்பா, "இஞ்சை மாட்டுக்கு எங்கை போறது? இந்த வீட்டு மாடு நான் தான். பூசிவிடச் சொல்லு" என்றார்.

"மாடு எண்டாலும் சொல்லுக் கேக்கும்" என்றார் அம்மா.

மறுநாள் காலை அண்ணா வேலைக்குப் போய்விட்டார். அண்ணி குளித்து, தன் ஊர்ப் புடைவை உடுத்து, அம்மாவின் முன் முழந்தாளிட்டு, இரண்டு கையாலும் ஒரு துணியை நீட்டினார். வெள்ளைத் துணி, சிவப்புக் கரை. அவருடைய தாய் தறியில் நெய்து அனுப்பியது. அன்று பெரியவர்களுக்கு அதைக் கொடுத்து வணங்கி ஆசி பெறுவது அவர்கள் வழக்கம். எங்களுக்கு அது தெரியாது. அம்மா பின்வாங்கினார்.

"மனுசன் ஒப்பரேசனுக்குக் கிடக்கேக்கை எனக்கு வெள்ளை தாறியோ? என்ர தாலியிலை கை வைக்க வந்தனியோ?"

அண்ணிக்கு அப்போது தமிழ் விளங்காது. முகம் விளங்கியது. ஆனாலும் எழும்பவில்லை. நான் அவரிடம் கேட்டு, வழக்கத்தை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா காதில் போடவில்லை. படுத்திருந்த அப்பாதான் கூப்பிட்டார்.

"இஞ்சை கொண்டா பிள்ளை. எனக்குத் தா."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணியின் நெற்றியில் விபூதி பூசினார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "சிவப்புக் கரை தெரியேல்லையே உமக்கு? கண்ணாடியைப் போடும். நான் கோயிலுக்குக் கட்டுறதும் வெள்ளை தானே!"



அந்தத் துணியோடுதான் அப்பா ஆசுபத்திரிக்குப் போனார். ஒப்பரேசன் முடியும்வரை அம்மா பல்லில் தண்ணீர் படாமல் இருந்தார். அண்ணி வேலைக்குப் போகாமல் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். வைத்தியர் வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கேட்டு, திரும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முருகன் காப்பாற்றினான்.

வீட்டுக்கு வந்து, அவலும் தயிரும் சர்க்கரையும் குழைத்து ஒரு கோப்பையில் வைத்தார் அண்ணி. அது பிஹுச் சாப்பாடு. அம்மா கோப்பையைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். சாப்பிட்டார். பிறகு சர்க்கரை வைத்த தகரப் பேணியைக் கையால் காட்டி, "சர்க்கரை காணாது பிள்ளை, இன்னும் கொஞ்சம் போடு" என்றார். அண்ணியை அம்மா பிள்ளை என்று முதன்முதலாகக் கூப்பிட்டது அன்றுதான்.

அதன் பின் எங்கள் வீட்டில் வருடப்பிறப்பு இரண்டு நாள். பிஹு முடியும் நாளில் நூற்றொரு வகைக் கீரை சமைக்க வேண்டுமாம். "பலேர்மோப் புல்லு முழுக்கப் பிடுங்கினாலும் நூறு வராதடி" என்று பகிடி பண்ணிக்கொண்டே அம்மாவும் பையோடு சந்தைக்குப் போவார். அண்ணி தமிழ் படித்தார். பிள்ளைகளை யாழ்ப்பாணத் தமிழில் ஏசவும் படித்தார். அப்பாவின் கடைசிக் காலத்தில் அவருக்குக் கால் பிடித்துவிட்டதும் அண்ணியே.

பிறகு அண்ணிக்கே நோய் வந்தது. வைத்தியர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்ன பிறகு அம்மாதான் ஊட்டினார். "வாயைத் திற. பிள்ளையளை ஏசுற வாய் தானே" என்பார். அந்த நிலையிலும் அண்ணி சிரிப்பார்.

இரவு பகல் பாராமல் பார்த்த தாதிமாருக்கும், சிஞ்ஞோராவின் பிள்ளைகளுக்கும், சமைத்துக் கொண்டுவந்த ஒரேத்தோ அயலவருக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இந்த மலர் அசாமுக்கும் போகிறது. அண்ணியின் தாயாருக்குத் தமிழ் தெரியாது. அண்ணாவின் மகள் தொலைபேசியில் அவர்கள் மொழியில் சொல்லுவாள். அவருக்கென்று அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"உங்கட பிள்ளை தூர தேசத்திலை தனியப் போகேல்லை. கண் மூடேக்கை தலை என்ர மடியிலை தான் இருந்தது. இப்பிடி ஒரு பிள்ளையைப் பெத்துத் தந்ததுக்கு உங்களைக் கும்பிடுறன்."