சீனி போடாத கப் கேக்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலேயே ஓவன் இருந்த வீடு ஒன்றுதான். அது எங்கள் வீட்டுக்கு நேரெதிரே இருந்தது. அங்கே ஒரு சிங்கள ஆன்ட்டி தனியாக இருந்தார். ஒவ்வொரு மார்கழியும் அம்மா எங்கள் குசினியில் கப் கேக் கலவையை அடித்து, கடதாசிக் கிண்ணங்களில் ஊற்றித் தட்டில் அடுக்கித் தருவார். நான் அதை விழுத்தாமல் எதிர் வீட்டுக்குக் கொண்டுபோவேன். ஆன்ட்டி சுட்டுத் தருவார். எட்டு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பதவி வேறெதுவும் இருந்ததாக நினைவில்லை.

அந்த வருடம் மன்னாரிலிருந்து சின்ன மாமா வந்து எங்களோடு தங்கியிருந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. வெளிநாடு போவதற்காக வந்தவர், வாசலுக்குக்கூடப் போவதில்லை. வீட்டில் யார் தங்கினாலும் பொலிஸில் பெயர் பதிய வேண்டிய யுத்த காலம் அது; பதியாத தமிழரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்பா இரண்டு முறை போயும் திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சின்ன மாமாவின் பெயர் இன்னும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

அன்று வியாழக்கிழமை. அப்பா துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். காலையில் பாண் கொண்டுவந்த மனிதர் படலையடியில் அம்மாவிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு, மற்ற வீடுகளுக்குப் பாண் கொடுக்காமலே சைக்கிளைத் திருப்பினார். அம்மா உள்ளே வந்ததும் வராததுமாக மாவை எடுத்தார். முந்திரிகை வற்றலும் கஜுவும் பிராண்டியில் ஊறத் தொடங்கி நாலு நாள்தான். வழமையாக இரண்டு கிழமை ஊறவேண்டும். கறுவாத் தூளும் கராம்புத் தூளும் பாதி மேசையில் கொட்டின.

“தம்பி, தட்டை நீ தூக்கு. பிள்ளைக்குப் பாரம்,” என்று அம்மா சின்ன மாமாவிடம் சொன்னார்.

“நான்தானே எப்பவும் தூக்கிறனான்,” என்றேன்.

“வாயை மூடிக்கொண்டு போ. அங்க நீதான் சிங்களத்தில கதைக்கோணும், மாமா கதைக்கமாட்டார். நான் கூப்பிடுமட்டும் ரெண்டு பேரும் வரவேண்டாம்.”

ஆன்ட்டி கதவைத் திறந்து சின்ன மாமாவைப் பார்த்தார். பிறகு எங்கள் படலையில் நின்ற அம்மாவைப் பார்த்தார். தட்டை வாங்கி ஓவனுக்குள் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை முனையில் வாகனங்கள் வந்து நின்றன. விசில் ஊதினார்கள். ஆன்ட்டி திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுக் குசினிக்கு ஓடிவந்தார். சின்ன மாமாவின் தோளைப் பிடித்துப் பின்பக்கக் குளியலறைக்குள் தள்ளினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. “யார் கேட்டாலும் நானும் நீயும் மட்டும்தான். விளங்குதா?” என்று சிங்களத்தில் சொன்னார். அவருடைய உதடு வெளுத்திருந்தது.

முன் ஜன்னலால் எங்கள் வீடு தெரிந்தது. அம்மா படலையில் நின்று வீட்டுப் பட்டியலை நீட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அலுமாரி இழுபடும் சத்தம் இங்குவரை கேட்டது. ஆன்ட்டி என்னைக் குசினிக்கு அனுப்பினார்.

பிறகு இந்த வீட்டுக் கதவும் தட்டப்பட்டது. வந்தவர்கள் இரண்டு இராணுவத்தினர். மூத்தவர் ஹோலில் ஆன்ட்டியை விசாரித்தார். இளையவன் நேரே குசினிக்கு வந்தான். அவனுடைய துவக்கு கதவு நிலையில் உரசியது.

“வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?” என்று சிங்களத்தில் கேட்டான்.

அந்தச் சனிக்கிழமை நான் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யவிருந்தேன். பொய் சொல்வது பாவம் என்று மனப்பாடம் செய்திருந்தேன். குளியலறையில் குழாய் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. காலின் வழியே சூடாக ஏதோ இறங்கியது. அதன் பிறகுதான் குரல் வந்தது.

“ஆன்ட்டியும் நானும்.”

அவன் நனைந்த தரையைப் பார்த்தான். குளியலறைக் கதவைப் பார்த்தான். பிறகு, “நங்கி, கேக் கருகுது,” என்று தங்கச்சியைக் கூப்பிடுவதுபோலச் சொல்லி, எட்டிச் சுவரிலிருந்த சுவிட்சை அவனே அணைத்தான்.

ஆன்ட்டி ஓடிவந்து தட்டை வெளியே எடுத்தார். விளிம்பெல்லாம் கறுத்திருந்தது. நடுவில் இருந்த ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் கடித்தான். மெல்லுவது பாதியில் நின்றது. என்னைப் பார்த்தான். எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்து நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவன் விழுங்கிவிட்டு, “ரசய்,” என்றான். நல்ல ருசி என்று அர்த்தம். மூத்தவரிடம் போய், உள்ளே ஒன்றும் இல்லை என்றான். அவனுக்கு எவ்வளவு விளங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாகனங்கள் போய் நெடுநேரத்துக்குப் பிறகுதான் சின்ன மாமா வெளியே வந்தார். மூவரும் ஆளுக்கொரு கேக்கைக் கடித்தோம். அம்மா சீனியே போடவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்து ஒழுங்கையைச் சுற்றிவளைத்துவிட்டார்கள் என்றுதான் பாண்காரர் சொல்லியிருக்கிறார். சிங்கள வீட்டில் அவ்வளவு துருவமாட்டார்கள் என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறார். தம்பியை அங்கே அனுப்ப ஒரு சாட்டு வேண்டும், அவனுக்குப் பதிலாகச் சிங்களம் பேச ஒரு வாயும் வேண்டும். இதெல்லாம் நான் பெரியவளாகிய பிறகு அம்மா சொன்னது. சின்ன மாமா பதிவு கிடைத்து, தை மாதம் விமானமேறி வெளிநாடு போனார்.

ஆனால் அன்று பின்னேரம் எனக்கு அதெதுவும் தெரியாது. ஆன்ட்டி மிச்சக் கேக்கோடு தட்டைத் தானே கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார். அம்மாவிடம் எங்கள் தெருத் தமிழில், சத்தம் கூட்டாமல் சொன்னார்:

“அடுத்த தடவ சொல்லிட்டு அனுப்பு. நான் கதவு திறப்பன். ஆனா இந்தப் பிள்ளைய அனுப்பாத.”

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கேக்கைக் கருகவிட்டதற்குத்தான் எனக்கு இந்தத் தண்டனை, இனி யாரும் என்னை அந்த ஓவன் பக்கம் விடமாட்டார்கள் என்று எனக்கு விளங்கியது. நானும் குரலெடுத்து அழுதேன். அம்மா என்னை இழுத்து மூச்சு முட்டக் கட்டிக்கொண்டு, “மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சீனி போட மறந்ததற்கு யாராவது இவ்வளவு அழுவார்களா என்று நினைத்தபடி, “பரவாயில்லை அம்மா” என்றேன்.