திண்டிவனத்திலிருந்து வீட்டுச் சாமான்களோடு

காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் வண்டியை எடுத்தேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு மறுபடியும் லாரி. பின்னால் ஏற்றியிருந்தது எங்கள் வீட்டுச் சாமான்கள். பக்கத்தில் என் மனைவி மேரி.

அந்தப் பதினொரு வருடமும் ஊருக்கு வெளியே ஒரு கம்பெனியில் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளி முடிந்ததும் கம்பெனியை மூடிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதுக்காரனுக்கு வேறு எந்தக் கிடங்கிலும் வேலை இல்லை. கடைசியில் விழுப்புரத்தில் லாரிகள் வைத்து நடத்தும் சரோஜா அம்மாவிடம் போனில் பேசினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஹெவி லைசென்ஸ் உயிரோட இருக்குதாப்பா?"

இருந்தது.

"அப்ப ஜல்தியா வந்துடு. நம்ம வண்டி ஒண்ணு திண்டிவனத்துல ஒர்க்‌ஷாப்புல நிக்குது. வீட்டுச் சாமானையும் அதுலயே போட்டுக்கினு வா. மதியம் லோடு ஏத்தணும்."

ஊர் மாறலாம் என்று முடிவு செய்தது மேரிதான். இரண்டு ஊருக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை, இங்கிருந்தே போய்வருகிறேன் என்றேன். அவள் ஒப்பவில்லை.

"வெளியூர் லைன்ல போனா வாரத்துல ஒரு நாளு வீட்டுக்கு வருவீங்க. அதுலயும் பாதிய பஸ்ல கழிப்பீங்களா?"

அந்த ஒரு நாளுக்காக அவள் தையல் கடையை விட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடும் பாடற்குழுவை விட்டாள். மகள் புதுச்சேரியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவளுக்குப் பெரிய மாற்றமில்லை. இழப்பு முழுக்க மேரிக்குத்தான்.

முன்பு நான் லாரி ஓட்டிய காலத்தில் மேரி ஒருநாளும் கேபினில் ஏறியதில்லை. இன்று படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் திணறினாள். ஏறி உட்கார்ந்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏங்க, எல்லார் வீட்டு மாடியும் தெரியுது!"

மேம்பாலம் தாண்டி நெடுஞ்சாலையில் இறங்கியதும் வண்டி தன் வேகத்துக்கு வந்தது. மதில்களுக்கு அந்தப் பக்கம் இருந்த கிணறுகளையும் காயப்போட்ட துணிகளையும் அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் நூறு தடவை போன வழிதான். இருந்தாலும் ஒவ்வொன்றையும் என்னிடம் காட்டினாள். எனக்கோ கைகள் தாமாக கியரைத் தேடிப் போட்டன.

பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நிறுத்தினேன். டீ பன்னிரண்டு ரூபாய். இடப்புறம் தொலைவில் மயிலம் குன்று வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேரி திடீரென்று கேட்டாள்.

"கிடங்குல வேலை செய்யறவருக்கு ஹெவி லைசென்ஸ் எதுக்குங்க? மறக்காம புதுப்பிச்சிக்கினே இருந்தீங்களே."

நான் டீயைப் பார்த்தேன்.

"சும்மாதான். இருக்கட்டும்னு."

"சும்மாவா? கம்பெனி மூடுனன்னிக்கு அழுதீங்க. மறுநாளு அந்த லைசென்ஸ வச்சிக்கினு ஒக்காந்திருந்தீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. கம்பெனிக்குச் சரக்கு இறக்க வரும் லாரிகளின் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் காரணமே இல்லாமல் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். ஓட்டுநர்களிடம், இப்போது எந்த வழியாக வந்தீர்கள், ஆந்திராவில் மழையா என்று கேட்டிருக்கிறேன். இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் ஊரை இழக்கிற நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்றா?

"வாங்க, போலாம். சரோஜா அம்மா காத்துக்கினு இருப்பாங்க" என்று அவளே எழுந்தாள்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசை நீண்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு பெண் அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டு வந்தாள். மேரி இருபது ரூபாய்க்கு வாங்கி, கடலையை உரித்து உரித்து என் கையில் வைத்தாள்.

"விழுப்புரத்துல பாடற்குழுவுல என்னச் சேத்துக்குவாங்களா?"

"உன் குரலக் கேட்டா உடனே சேத்துக்குவாங்க."

"அதுக்கு மொதல்ல யாராவது கேக்கணுமே" என்றாள்.

முண்டியம்பாக்கத்தில் கரும்பு ஆலையின் புளித்த வாசனை கேபினுக்குள் வந்தது. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். விழுப்புரம் ஊருக்குள் திரும்பும் முத்தாம்பாளையம் நெருங்கியது. சிக்னலைப் போட்டேன். அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

"இன்னும் கொஞ்ச தூரம் போலாமா?"

"லோடு ஏத்தணும், மேரி."

"தெரியும். கொஞ்ச தூரந்தான்."

சிக்னலை அணைத்தேன். புறவழிச்சாலையில் நேராகப் போனேன். ஊர் ஒரு பக்கமாக ஒதுங்கி, வயல்கள் விரிந்தன. காற்றில் அவள் முந்தானை பறந்தது. வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. திருச்சி என்று எழுதிய பெரிய பலகை எதிரே வந்தபோது, "இப்டியே போய்க்கினே இருந்தா?" என்றாள். ஜானகிபுரத்தில் வண்டியைத் திருப்பி, தெற்குப் பக்கமாக ஊருக்குள் நுழைந்தேன். சரோஜா அம்மாவின் ஷெட் பக்கத்திலேயே வாடகைக்கு இரண்டு அறை. சாமான்களை இறக்கி முடித்தபோது மணி பன்னிரண்டு. அடுப்பைப் பொருத்தி அவள் முதலில் வைத்தது எனக்குச் சோறு.

மூன்று மணிக்குச் சென்னைக்கு அரிசி மூட்டைகளோடு புறப்பட்டேன். அறிமுகமில்லாத தெருவில், புது வீட்டு வாசலில் நின்று மேரி கையசைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வந்த வழியே திரும்பிப் போனேன். திண்டிவனம் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முன்பெல்லாம் எந்த லோடானாலும் இங்கே இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். பழக்கத்தில் கால் பிரேக்குக்குப் போனது. சர்வீஸ் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த டீக்கடையில் நிறுத்தினேன்.

"அண்ணனுக்கு எந்த ஊரு?" என்றார் கடைக்காரர்.

"விழுப்புரம்."

"பக்கத்துலதான். அப்ப திண்டிவனம் நல்லா தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்" என்றேன்.

போன் அடித்தது. மேரி.

"எங்க வந்திருக்கீங்க?"

"நம்ம ஊர்ல."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் நின்னுட்டுப் போங்க" என்றாள்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் செஞ்சி, செஞ்சி என்று கூவினார். பூக்காரி ஒருத்தி யாரையோ திட்டினாள். போனை அந்தச் சத்தங்களின் பக்கமாக நீட்டிப் பிடித்தபடி நின்றேன்.