அவசரக் கயிறு

தையல்காரிக்குச் சர்க்கரை ஆலை என்பது, கணவனின் சட்டையோடு வீட்டுக்கு வரும் பாகு வாடைதான். திருமணமான நாள்முதல் அந்தச் சட்டைகளின் கிழிசலைத் தைத்துவந்தவள், ஆலை வாசலைத் தாண்டியதில்லை. தொழிலாளர் குடும்பங்கள் உள்ளே வந்து பார்க்கலாம் என்று நிர்வாகம் அறிவித்ததும் தையல்கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். கூடவே நாத்தனாரும் தொற்றிக்கொண்டாள். "அண்ணி, பெரிய பையா எடுத்துக்குங்க. சர்க்கரை சும்மா குடுத்தாலும் குடுப்பாங்க."

முதலில் ஆலையை ஒட்டிய அருங்காட்சியகம். பாகு காய்ச்சிய கொப்பரைகளைத் தாண்டி, கரும்பு பிழிந்த பழைய இரும்பு உருளைகள். அருகில் சுவரில் ஒரு கோடாரி. கரும்பு வெட்டவா என்று நாத்தனார் கேட்டாள். இல்லை என்றார் சுற்றிக்காட்டியவர். கரும்பைத் திணிக்கும்போது கை மாட்டிக்கொண்டால் உருளையை உடனே நிறுத்த முடியாதாம். ஆளே உள்ளே போவதற்குள் கையை வெட்டிவிட அதை எட்டும் தூரத்தில் வைத்திருந்தார்களாம். பேருந்து நேரம் சொல்வதுபோல் அவர் சொன்னார். நாத்தனார் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தையல்காரி, கூடவே வந்த கணவனின் கைகளைப் பார்த்தாள். உருளை வாயில் சிக்கும் கரும்பைத் தள்ளிவிடுவதுதான் அவன் வேலை.

"இப்ப என்ன வச்சிருக்கீங்க?" என்று அவனைக் கேட்டாள்.

"கோடாரியெல்லாம் அந்தக் காலம். இப்ப கயிறு இருக்கு. ஒரு இழு இழுத்தா மொத்த அரவையும் நின்னுடும்."

"காட்டுங்க."

அரவைக்கூடத்தில் தரையே அதிர்ந்தது. கயிறு இருந்தது, கைக்கெட்டாதபடி தூக்கி, தூணோடு ஒரு பூப்போட்ட துணியால் கட்டப்பட்டிருந்தது. எண்ணெய் துடைக்க வேண்டுமென்று அவன் அவளிடமே கேட்டு வாங்கிப்போன வெட்டுத்துணி.

அவன் அவள் காதருகே குனிந்து விளக்கினான். யார் தோள் உரசினாலும் அரவை நின்றுவிடுகிறது. மறுபடி ஓட்டுவதற்குள் மேற்பார்வையாளர் வறுத்தெடுத்துவிடுவார். எல்லா ஷிஃப்டிலும் இப்படித்தான்.

"அவிழுங்க."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டிமேல் ஏறி அவிழ்த்தான். இழுக்கச் சொன்னதற்கு மட்டும், என் வேலைக்கு உலை வைக்கிறாயா என்று சீறினான். அவளே எட்டி, இரு கைகளாலும் இழுத்தாள்.

உருளைகள் சுழன்றுகொண்டே இருந்தன. மீண்டும் இழுத்தாள். கரும்பு உள்ளே போனது; மறுபக்கம் சக்கையாய் விழுந்தது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஓடிப்போய்க் கட்டுப்பாட்டு அறையின் சிவப்புப் பொத்தானில் ஓங்கி அடித்தான். இரைச்சல் இறங்கி இறங்கி அடங்கியது.

"எவன்டா நிறுத்தினது?" மேற்பார்வையாளர் பாய்ந்து வந்தார்.

"நான்தான் சார். கயிறு செத்துக் கிடக்கு. கட்டிக் கட்டி வச்சதுல யாருக்கும் தெரியல. சரி பண்ணாம நான் உருளைகிட்ட நிக்க மாட்டேன்."

மேற்பார்வையாளர் எதையோ சொல்ல வாயெடுத்து, சுற்றி நின்ற குடும்பங்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, எலக்ட்ரீசியனைக் கூப்பிடச் சொன்னார்.

தையல்காரி கணவனின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் பார்க்கிறார்கள், விடு என்று அவன் முணுமுணுத்தான். அவள் விடவில்லை.