ஒற்றை ஸ்தோத்திரம்

எட்டு மாதமாக அந்த மனிதரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சமிருந்தது. ஸ்தோத்திரம்.

பக்கவாதம் வந்தபோது அந்த எலக்ட்ரீஷியனின் வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. அதிகம் சொல்லிப் பழகிய வார்த்தை மட்டும் சிலருக்குத் தங்கிவிடும் என்றார் டாக்டர். போனை எடுத்தாலும் ஸ்தோத்திரம், ஃபியூஸ் போட்டாலும் ஸ்தோத்திரம் என்று வாழ்ந்தவர். அதுவே தங்கிவிட்டது. பசித்தால் ஸ்தோத்திரம். முதுகு அரித்தால் ஸ்தோத்திரம். மனைவி மேல் எரிந்து விழுந்தாலும் அதே ஸ்தோத்திரம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு!

மனைவியைத் தெருவே 'பட்டன் அக்கா' என்று கூப்பிடும். தையல் கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைப்பவள். கட்டிலை ஒட்டி உட்கார்ந்துதான் தைப்பாள். அந்த வார்த்தையின் இழுப்பை வைத்தே எது தண்ணீர், எது திட்டு என்று சொல்லிவிடுவாள். ஆனால், ஐயோ, அவளுடைய ஜெபம் நின்றுபோயிருந்தது! முழங்கால் போட்டால் தூக்கம் வந்தது. கண்ணை மூடினால் காது கட்டிலுக்கு ஓடியது. பரலோகம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய்விடுமோ என்று உள்ளுக்குள் நடுங்கினாள். யாரிடம் சொல்வாள் இதை?

சனிக்கிழமை காலை நாத்தனார் பாஸ்டரை அழைத்துக்கொண்டு வந்தாள்.

"எப்படி இருக்கீங்கண்ணே?" என்றார் பாஸ்டர்.

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" நோயாளியின் நெற்றியில் வியர்வை.

நாத்தனார் கண் கலங்கினாள். "பாத்தீங்களா பாஸ்டர், எங்கண்ணன் விசுவாசத்தை! நாளைக்கு வீல்சேர்ல உக்கார வச்சு சபைக்கு முன்னாடி சாட்சி சொல்ல வைக்கணும். அண்ணி, நீங்களும் கொஞ்சம் கத்துக்கங்க. எப்பப் பாத்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு..."

"அவர் பெட்பேன் கேக்குறார்" என்றாள் பட்டன் அக்கா.

"என்ன?"

"இன்னும் ரெண்டு தடவை சாட்சி சொன்னார்னா, பெட்ஷீட்டை நீதான் துவைக்கணும்."

"கர்த்தரோட காரியத்தைக் கேலி பண்றீங்களா அண்ணி?"

"கேலியா?" மடியிலிருந்த சட்டை கீழே விழுந்தது. "எட்டு மாசமா எனக்கு ஒரு ஜெபம் வரலடி! வர்றீங்க, அவரைப் பாத்து ஆமென் சொல்றீங்க, போறீங்க. நீ எப்படி இருக்கேன்னு என்னை யாராவது கேட்டீங்களா? நானும் பரலோகம்தானே போகணும்?"

பாஸ்டர் மெல்லச் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"பெட்பேன் எங்கம்மா இருக்கு?"

நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாஸ்டர் கட்டிலடியிலிருந்து எடுத்த பெட்பேனை முன்பின் மாற்றிப் பிடித்தார்.

"ஸ்தோத்திரம்!!" என்று சீறினார் நோயாளி.

"அது திட்டு, பாஸ்டர்."

"புரியுதும்மா. நீங்க கொஞ்சம் உள்ள போங்க."

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவளைக் கூப்பிட ஆளில்லாத இரண்டு நிமிடம்! எட்டு மாதமாக அடக்கியதெல்லாம் குமுறிக்கொண்டு வந்தது.

"உமக்குக் கண்ணு இருக்கா இல்லையா? அங்க மேல உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீர்? என் இடுப்பு ஒடியுது. அவர் அழுறார், எதுக்குன்னு தெரியல. ஒரு பதில் சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவீர்?"

சொன்ன பிறகுதான் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கோபம் மட்டும் கடுகளவும் குறையவில்லை.

"அம்மா, துடைக்கத் துணி எங்க?" பாஸ்டரின் குரல்.

"வர்றேன் பாஸ்டர்!" முந்தானையால் முகத்தைத் துடைத்தவள், கூரையை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"இரும் ஆண்டவரே. நான் இன்னும் முடிக்கல."