இருபத்தாறாவது ஆள்

ஓர் இடத்தில் சும்மா உட்காரச் சொன்னால் எனக்கு ஆகாது. இப்போதும் அப்படித்தான். பஸ் வரப் பத்து நிமிஷம் தாமதமானால் நாலு தடவை எழுந்து ரோட்டை எட்டிப் பார்ப்பேன். வீட்டில், "செத்த நேரம் அடங்கி ஒக்காருங்களேன், என்ன கொறைஞ்சு போச்சு?" என்று திட்டு விழும். இப்படிப்பட்டவன் மூன்று வருஷம் ஒரு மில் வாசலில் காத்து நின்றேன் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை.

எண்பதுகளின் கடைசியில் வரலாற்றில் பி.ஏ. முடித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். சர்க்கார் கூப்பிடும் கூப்பிடும் என்று தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனை வீட்டில் ஒருநாள் துரத்திவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு சைக்கிள் மிதித்துப்போய் ஒரு நூற்பு மில்லில் பதிலியாகச் சேர்ந்தேன். பதிலி என்றால், நிரந்தரத் தொழிலாளி ஒருவர் லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் அவருடைய மிஷினில் நிற்கிற ஆள். யார் லீவு போடுவார் என்பது முந்தின நாள் தெரியாது. அதனால் முப்பத்தெட்டு பேர் தினமும் காலையில் சோற்று வாளியோடு வாசலில் நிற்போம். டைம்கீப்பர் வெளியே வருவார். விரலை நீட்டி, "நீ வா, நீ வா, ஏய் கோடு போட்ட சட்டை, நீ வா" என்பார். பதினைந்து பேரோ இருபது பேரோ உள்ளே போவார்கள். மற்றவர்கள் வாளியைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்த விரல் முதலில் போவது என் கூட்டாளிமேல்தான். மம்சாபுரத்துக்காரன். ஆள் நெட்டை, கூட்டத்தில் தலை தனியாகத் தெரியும். அதைவிட, கை வேகம். அறுந்த நூலை அவன் இணைக்கிற வேகத்துக்கு மிஷினே ஈடுகொடுக்காது என்று சூப்பர்வைசர் சொல்லுவார். மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் எனக்காகக் காத்திருப்பான். என் சைக்கிளை அங்கே ஒரு கடையில் நிறுத்திவிடுவேன். அங்கிருந்து மில் வரை அவன் சைக்கிளை அவன் மிதிப்பான், நான் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவேன். முந்தின நாள் பேப்பர் பூராவும் அவன் முதுகுக்குத்தான் ஒப்பிப்பேன்.

பேசுவதற்கும் அந்தக் காலத்தில் பஞ்சமில்லை. இட ஒதுக்கீடு கூடாது என்று வடக்கே பையன்கள் தீக்குளித்தார்கள். நாட்டுத் தங்கம் விமானம் ஏறி அடகுக்குப் போனது. இனி எல்லாமே சந்தைதான் என்றார்கள் டெல்லியில். எனக்கு ரத்தம் கொதித்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் பத்திருபது பேர் ஒரு கூட்டம் போடுவோம். சமத்துவம், பொதுவுடைமை, வேலை உரிமை என்று நான் பேச ஆரம்பித்தால் சீக்கிரத்தில் முடியாது. கூட்டாளி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பான். முடிந்ததும், "இன்னைக்கு நல்லாப் பேசுனலே" என்பான். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

அவனுக்கு ஒரே ஒரு விஷயம்தான் வேண்டியிருந்தது. வத்திராயிருப்பில் அவனுடைய தாய்மாமன் மகள். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு என்று பேச்சு. ஆனால் மாமன்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: "மில்லுல பெர்மனென்ட் ஆயிட்டு வா மாப்ள, மறுநாளே பரிசம் போடுவோம். வாசல்ல நிக்கிற ஆளுக்குப் பொண்ணு குடுத்தேன்னா ஊர்ல என்னைய என்னன்னு கேப்பான்?" மார்ச் முடிகிறவரை பொறுப்பதாக வாக்கும் கொடுத்திருந்தார். "அவளைத் தவிர இன்னொருத்தி எனக்கு வேண்டாம்லே" என்று ஒரே ஒரு தடவை சைக்கிள் மிதித்துக்கொண்டே சொன்னான். முகத்தைத் திருப்பவில்லை.

நிரந்தரம் ஆவதற்கு ஒரு எண் இருந்தது. ஏப்ரலில் தொடங்கி மார்ச் முடிவதற்குள் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது அந்த மில்லில் நடைமுறை. மார்ச் முடிந்தால் அதுவரை பார்த்த நாளெல்லாம் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து. வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர்தான் அதைத் தொடுவார்கள். விரல் யார்மேல் விழுகிறதோ அவர்கள். மற்றவர்கள் காலம் பூராவும் பதிலிதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப்பற்றி நான் யோசிக்கவில்லை. ஏனென்றால் எனக்கு அந்த எண் தேவைப்படவில்லை. நான் சர்க்கார் வேலைக்குக் காத்திருந்தவன். மில் எனக்கு மழைக்கு ஒதுங்குகிற இடம் மாதிரித்தான்.

எனக்கு எரிச்சல் மூட்டியது அந்த விரல். மனுஷனை மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல் பார்த்துப் பொறுக்குவதா? வாசலில் ஒருவர் நிற்பார், இடது கால் சற்று விந்துவார். வேலை சுத்தமாகச் செய்வார். ஆனால் வாரம் பூராவும் நின்றால் ஒருநாள் கூப்பிட்டால் அதிகம். வீட்டில் நாலு பெண் பிள்ளைகள். ஒருநாள் அவர், "யாருக்காச்சும் காய்ச்சல் கீய்ச்சல் வராதான்னு இருக்குய்யா" என்று சொல்லிவிட்டுத் தானே கன்னத்தில் போட்டுக்கொண்டார். விடாமுயற்சி என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்திருந்தார்களே, அடுத்தவனுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று நிற்பதுதான் அதுவா?

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்தேன். வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் முப்பத்தெட்டு பேரையும் கூட்டி, முறை வைப்போம் என்றேன். ஒரு நோட்டு. அதில் வரிசையாகப் பெயர். இன்றைக்கு பதினைந்து பேர் உள்ளே போனால் நாளைக்குப் பதினாறாவது ஆளிலிருந்து தொடங்கும். முறை உள்ளவர்கள் மட்டும் முன்னால் நிற்க வேண்டும், மற்றவர்கள் மரத்தடியில். டைம்கீப்பர் விரலை எங்கே நீட்டினாலும் முறைக்காரன்மேல்தான் விழும்.

லேசில் ஒத்துக்கொள்வார்களா? "இவன் யாருய்யா நாட்டாமை?" என்றான் ஒருவன். இரண்டு வாரம் தொண்டை கிழியப் பேசினேன். கைவேகக்காரர்கள் சிலர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நான் கூட்டாளியைத்தான் பார்த்தேன். இவன் ஒப்புக்கொண்டால் மற்றவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். அதிகம் கூப்பிடப்படுகிறவன் இவன்தானே. எல்லார் முன்னாலும், "நீ என்னலே சொல்லுத?" என்றேன். அவன் கொஞ்ச நேரம் சைக்கிள் ஹேண்டில்பாரையே பார்த்தான். பிறகு, "சரி, எம்பேரையும் எழுது" என்றான். நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொரு விதியையும் நான்தான் சேர்த்தேன். யாருக்காகவும் முறை மாறாது. அண்ணன் தம்பி என்றாலும் ஒருவன் முறையை இன்னொருவனுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பிறகு அதுவே வியாபாரமாகிவிடும் என்று விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். டைம்கீப்பர் முதல் நாள் கத்தினார். ஒரே வாரத்தில் அவருக்கும் பழகிப்போனது. முன்னால் நிற்பவர்களை எண்ணி உள்ளே விடுவதோடு அவர் வேலை முடிந்தது.

நாலு மாதம் எனக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. கால் விந்துகிறவர் வாரத்துக்கு மூன்று நாள் வேலைக்குப் போனார். பொங்கலுக்கு மூத்த பெண்ணுக்குப் பாவாடை எடுத்ததாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் உலகத்தையே மாற்றிவிட்டவன்போல் பேசினேன். டெல்லியில் முடியாததை ராஜபாளையத்தில் ஒரு வேப்பமரத்தடியில் முடித்துக் காட்டினோம் என்றேன். கைதட்டல் அடங்கச் செத்த நேரம் ஆனது. கடைசி பெஞ்சிலிருந்து கூட்டாளியும் தட்டினான்.

பங்குனி உத்திரம் வந்தது. ஆண்டாளுக்குத் திருக்கல்யாணம். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் தொழிலாளிகள் பாதிப்பேர் லீவு போட்டுவிடுவார்கள். ஊரே கோயிலைப் பார்த்துப் போகும்போது பதிலிகள் மட்டும் எதிர்த்திசையில் மில்லைப் பார்த்து மிதிப்போம். எங்களுக்கு அதுதான் திருவிழா. அன்று டைம்கீப்பர் இருபத்தாறு பேர் வேண்டும் என்றார். நோட்டைப் பார்த்து எண்ணினேன். இருபத்தாறாவது நான். இருபத்தேழாவது கூட்டாளி.

அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். மெதுவாக, "ஏலே, இன்னைக்கு நீ நின்னுக்கோ. நான் போறேன்" என்றான்.

"என்னலே பேசுத? முறை என்னன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். இன்னைக்கு ஒருநாள்தான் கேக்கேன்."

"ஒனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பான். என் கூட்டாளின்னு ஒனக்கு விட்டுக்குடுத்தேன்னு சொல்ல மாட்டானா? நாலு மாசமா நான் பேசுனதெல்லாம் என்னத்துக்கு?"

அவன் மரத்தடியைப் பார்த்துத் திரும்பினான். "சரி, போ. நேரமாச்சு" என்றான். எதற்குக் கேட்கிறான் என்று நான் கேட்கவில்லை. ஏதோ கைச்செலவுக்கு என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போய் மிஷினில் நின்றபோது எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது. கூட்டாளிக்குக்கூட வளைந்து கொடுக்காதவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

அவன் கணக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் நோட்டில் தீபாவளிக்குப் பிறகு உள்ளதுதான் இருந்தது. அதற்கு முன்னால் விரல் காட்டிய காலத்தில் அவன் பார்த்த நாட்கள் அவனுடைய வருகை அட்டையில் இருந்தன. உத்திரத்தன்று காலையில் அவனுக்கு இன்னும் ஆறு நாள் வேண்டும். முறைப்படி மார்ச் முடிவதற்குள் அவனுக்கு வருவது ஐந்துதான். அந்த ஐந்தையும் அவன் ஒழுங்காக வந்து பார்த்தான். வழக்கம்போல் விலக்கில் எனக்காகக் காத்திருந்தான், மிதித்தான், நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். இருநூற்று முப்பத்தொன்பதில் மார்ச் முடிந்தது.

ஏப்ரல் முதல் வாரம், கூட்டாளி வேலைக்கு வராத ஒருநாள், டைம்கீப்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல சிரித்த முகம். தோளில் கைபோட்டு, "படிச்சவன் படிச்சவன்தான்யா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வருஷா வருஷம் ரெண்டு மூணு பேரு எண்ணிக்கையைத் தாண்டிருவான். பெர்மனென்ட் ஆர்டர் போடாம இருந்தா யூனியன்காரன் வந்துருவான். மேல இருக்கவுகளுக்கு நான் பதில் சொல்லி முடியாது. இந்த வருஷம் பாரு, ஒருத்தன்கூடத் தாண்டல. அம்புட்டுப் பேருக்கும் சரிசமமாப் பிரிச்சுவிட்டுட்டியே. அந்த நெட்டைப்பய ஒரே ஒருநாள்ல நின்னுட்டான். மொதலாளி ஒன்னையக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு."

அவர் கை என் தோளில் இருந்தது. அதைத் தட்டிவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. முப்பத்தெட்டு பேரில் ஒருவனைக்கூட நிரந்தரம் ஆகவிடாமல் தடுக்க மில்லுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டிருந்தால், அந்த வேலையை என்னைவிடச் சுத்தமாக யாரும் செய்திருக்க முடியாது. அதுவும் சம்பளம் வாங்காமல்.

பிறகு எனக்கு சர்க்கார் வேலை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மேஜை, நாற்காலி, பென்ஷன். தொண்ணூறுகள் முழுவதும் எத்தனையோ கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள். சிலவற்றுக்குப் போகவும் செய்தேன். சமத்துவம் என்ற சொல்லை இன்றைக்கும் விடவில்லை. அது பொய் என்று நான் நினைக்கவில்லை. வேலையைப் பங்கு போட்ட நான் நிரந்தரத்தைக் கேட்காமல் விட்டேன் என்பதுதான் தப்பு. முப்பத்தெட்டு பேரும் சேர்ந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை வேறு. கேட்க எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அது என் பசி இல்லை. ஆனால் இதெல்லாம் பிறகு யோசித்தது. அன்றைக்கு டைம்கீப்பர் கையை எடுத்ததும் நான் வாளியை அங்கேயே போட்டுவிட்டு மம்சாபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

கூட்டாளி வீட்டுக்கு வெளியே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயினை மாட்டிக்கொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். வத்திராயிருப்பிலிருந்து அன்று காலையில்தான் ஆள் வந்துபோயிருந்தது. மாமன் மகளுக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிற மாப்பிள்ளையாம். வைகாசியில் கல்யாணம். அதை ஊர்ச் செய்தி சொல்வதுபோல் சொல்லிவிட்டு மறுபடி செயினைப் பிடித்தான்.

"ஏலே, ஒருநாள் கொறையும்னு ஒனக்கு முன்னமே தெரியுமா?" என்றேன்.

"பொங்கலுக்கு முன்னாலயே கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"பொறவு ஏன்லே வாயத் தொறக்கல? உத்திரத்தன்னைக்குக்கூட இன்னதுக்குன்னு சொல்லலயே! ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா? நான் ஒனக்கு யாரோவா?"

அவன் எழுந்தான். நான் அவனை அதுவரை கோபமாகப் பார்த்ததில்லை.

"சொல்லிருந்தா என்னலே செஞ்சிருப்ப? அடுத்த ஞாயித்துக்கெழமை எந்திரிச்சு நின்னு, 'நம்ம கூட்டத்துலயே ஒருத்தன் இருக்கான் தோழர்களே, தன் கல்யாணத்துக்காக முப்பத்தேழு பேரு சோத்தக் கேக்கான்'னு பேசிருப்ப. எல்லாவனும் கை தட்டிருப்பான். நான் கடைசி பெஞ்சுல ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கணும்."

இல்லவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் சொன்ன அந்த வாக்கியம் என் காதில் என் குரலிலேயே மறுபடி ஓடியது. அதில் எந்த இடத்தில் நிறுத்துவேன், எந்த இடத்தில் குரலை இறக்குவேன் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. அவன் குனிந்து செயினை மாட்டத் தொடங்கினான்.