முகம் தெரிய மாறி நின்றது

எனக்கு எழுத்து அவ்வளவு வசமில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பிழை இருக்கும், இப்போது மறதியும் சேர்ந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மகள்தான் ஒரு நோட்டைத் தந்து, அப்பா அடக்கத்தன்று நடந்ததை நீங்களே எழுதி வையுங்கள் அம்மா என்றாள்.

அவள் வெளிநாட்டில் மேல்படிப்பு படித்தாள். டிஜிட்டல் மானுடவியல் என்று பேர். தக்கலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். போனும் நெட்டும் வந்தபிறகு ஜனங்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்து எழுதுகிற படிப்பாம். கல்ஃபில் இருக்கிறவர்கள் ஊரில் நடக்கிற கல்யாணத்தையும் அடக்கத்தையும் லேப்டாப்பில் பார்ப்பதுதான் அவள் எடுத்த விஷயம். அதற்காக ஊருக்கு வந்து வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்தாள். அந்த நாட்களில்தான் அவள் அப்பா ஒரு காலையில் பல் தேய்க்கப் போன இடத்தில் விழுந்து இறந்துபோனார்.

மூத்தவன் கல்ஃபில் இருந்தான். கம்பெனியில் உடனே விடவில்லை. அடக்கத்தன்று சவப்பெட்டியின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு மகள் லேப்டாப்பை வைத்தாள். அதில் அவன் முகம், பின்னால் ஒரு கட்டில், கட்டில் கம்பியில் யாரோ தலை துவட்டிக் காயப்போட்ட துவர்த்து. அந்தத் துவர்த்து நீலமும் வெள்ளையும் கட்டம் போட்டது. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் தலைமாட்டில் அவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, கொஞ்சம் மாறுங்க. அப்பா முகம் தெரியல்ல."

மாறினேன். இன்னும் கொஞ்சம் என்றான். மறுபடியும் மாறினேன். கடைசியில் சுவரோரம் அரிசி டிரம் பக்கத்தில் நின்றேன். வந்தவர்கள் முதலில் லேப்டாப்பில் குனிந்து அவனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் அவரைப் பார்த்தார்கள். போதகர்கூட ஜெபத்துக்கு முன்னால் சத்தம் கேட்கிறதா என்று அவனிடம் கேட்டார். யாருடைய கால் பட்டும் ஸ்டூல் சாய்ந்துவிடக் கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியைப் போட்டபோதும் அங்கேதான் நின்றேன். அழுகை வரவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி எல்லோரும் கஞ்சி குடிக்கும்போது என் நாத்தனார் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "மைனி ஒரு சொட்டு கண்ணீர் விடல்ல பாத்தியா. விருந்துக்கு வந்தவ மாதிரி மூலையில நின்னா."

நாற்பது நாள் கழித்து மகனுக்கு லீவு கிடைத்தது. அத்தை சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது.

"அப்பா பக்கத்துல நீங்க ஏம்மா நிக்கல்ல?"

மாறச் சொன்னது அவனுக்கே ஞாபகமில்லை. கால் வலி என்றேன். மறுநாள் தைலம் வாங்கிவந்து காலில் தேய்த்துவிட்டான்.

அவன் திரும்பிப் போனபிறகு மகள் தன் படிப்புக்காக எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். யாரைப் பற்றி எழுதுகிறார்களோ அவர்களுக்கு வாசித்துக் காட்டி, சம்மதம் என்று கையெழுத்து வாங்க வேண்டுமாம். பேர் இல்லை, ஒரு தாய் என்றுதான் இருந்தது. ஆனால் நான் மாறி மாறி நின்றதும், அவன் மாறச் சொன்னதும் அப்படியே இருந்தது. இது நெட்டில் கிடக்குமா, அண்ணன் வாசிப்பானா என்று கேட்டேன். கிடக்கும், தேடினால் வாசிக்கலாம் என்றாள். அவன் சொன்னதை எடுத்துவிடு, நானே மாறி நின்றேன் என்று எழுது என்றேன்.

"அது பொய்யாயிரும்மா. அந்த அத்தியாயமே அதுதான்."

"அப்போ எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுன்னு வச்சுக்கோ மக்களே."

அவள் அந்தத் தாள்களை மட்டும் உருவி என் மடியில் வைத்தாள். கடற்கரையில் வேறொரு வீட்டை வைத்துப் புதிதாக எழுதினாள். ராத்தூக்கம் இல்லாமல் எழுதி, கெடு முடிகிற நாளில்தான் அனுப்பினாள். அவளுடைய வாத்தியாருக்கு முதலில் எழுதியதுதான் பிடித்திருந்ததாம். ஒரு வருஷம் கழித்துச் சொன்னாள். பட்டம் கிடைத்தது என்று போன் பண்ணியபோது சரி என்றேன்.

அவன் மாறச் சொன்னது ரெண்டு தடவையா மூணு தடவையா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. அந்த அறையில் நின்றவர்கள் யாராவது இதைப் பார்த்துச் சரியா என்று சொல்ல வேண்டும். அவனிடம் மட்டும் கேட்க வேண்டாம்.