ரேடியோ சார் வாய் மூடிய ஆறு வாரங்கள்

கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் எடுத்துவந்த அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ரேடியோ சார். மணி அடித்ததும் ஆரம்பித்தால் அடுத்த மணிவரை ஓய மாட்டார். பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையைப் பார்த்துத்தான் பாடம். முதுகுக்குப் பின்னால் முப்பது பேர் தலை நிமிராமல் எழுதுவார்கள்; பரீட்சை முடிந்த கையோடு அத்தனையையும் துடைத்துப் போட்டுவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும். வேறு வழிதான் தெரியவில்லை.

ஒரு பருவத்தின் நடுவில் அவர் குரல்நாணில் சின்னக் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும், ஆறு வாரம் முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு உள்ளூர பயம்தான். அதைக் காட்டிக்கொள்ளாமல், "இப்பவாவது நான் பேசறத முழுசா கேளுங்க" என்றாள்.

வீட்டில் உட்கார அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, கேள்விகள் அச்சடித்த தாள்களோடு வகுப்புக்குப் போனார். 'கிழக்கே இரண்டு கட்டம், வடக்கே ஒன்று: இது முதல் நகர்வு. கிழக்கே ஒன்று, வடக்கே மூன்று: இது இரண்டாவது. கிழக்கே ஐந்து, வடக்கே ஐந்து கட்டம் தள்ளியிருக்கும் இடத்துக்கு இவற்றால் மட்டும் போக முடியுமா?'

ஆளுக்கொரு பக்கம் நோட்டில் கட்டம் போட்டுப் பார்த்தார்கள். பிறகு இந்தப் பாடத்தில் இரண்டு முறை தோற்றுப்போய் மறுபடி வந்திருந்த ஒருத்தி எழுந்து, பெஞ்சை ஒதுக்கிவிட்டு, தரையில் பதித்த சதுரக் கற்களின் மேல் நடந்து பார்த்தாள். முதல் நகர்வு இரண்டு தடவை, இரண்டாவது ஒரு தடவை. வந்து சேர்ந்துவிட்டாள். அடுத்த தாளில் இரண்டாவது நகர்வு மாறியிருந்தது: கிழக்கே நான்கு, வடக்கே இரண்டு. எத்தனை நடந்தும், பின்னால் போய்ப் பார்த்தும், ஒரே கோட்டை விட்டு விலக முடியவில்லை. ஆளாளுக்கு வாக்குவாதம். கடைசியில் அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ரெண்டாவது சும்மா ஒப்புக்குத்தான் இருக்கு சார். மொதல்லதையே ரெண்டு தடவ போட்டா அதுதானே? புதுசா எங்கயும் கூட்டிட்டுப் போகல."

நேரியல் சார்புடைமை என்று வருடா வருடம் அவர் சொல்லி எழுதவைத்த வரையறை அதுதான். சந்தோஷத்தில் அவர் வாயைத் திறந்துவிட்டார். முன்வரிசைக்காரன் பதறிப்போய், "சார், டாக்டர் பேசக் கூடாதுன்னாரு" என்றான். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்கத்தான் முடியவில்லை.

சத்தம் தாங்கவில்லை, பாடமும் பின்தங்குகிறது என்று துறைத்தலைவர் குறைபட்டுக்கொண்டார். அது பொய்யில்லை, கடைசி இரண்டு பாடங்களை அவர் அள்ளித் தெளித்தபடிதான் முடித்தார். குரல் திரும்பிய முதல் நாள் ஆசை தீர நாற்பது நிமிடம் பேசினார். மரியாதையாகக் கேட்டார்கள், கொட்டாவியை விழுங்கியபடி. மறுநாள் மறுபடி தாள்களோடு வந்து, கொடுத்துவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவே சுற்றிவந்து, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை பேசினார்.

நடந்து காட்டியவள் அந்த முறை தேறிவிட்டாள். பெரிய மதிப்பெண் ஒன்றுமில்லை. விஷயத்தைச் சொல்ல வந்தவள் ஒரு தாளையும் நீட்டினாள். அவளே யோசித்து உண்டாக்கிய புதுக் கணக்கு. அவர் வாங்கிப் பார்த்தார். சட்டென்று விடை தட்டுப்படவில்லை.

"ஒக்காரும்மா, யோசிக்கலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.